ஒளியியல் பாடத்துக்குள் ஒரு வேலை

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கிட்டப்பார்வைக்குக் குழி லென்ஸ், தூரப்பார்வைக்குக் குவி லென்ஸ் என்று கரும்பலகையில் வரைந்து, இரண்டு கணக்குகள் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இந்தப் பாடத்தை வைத்தே ஒரு வேலை இருக்கிறது என்று வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே சரியாகத் தெரியாது. அதனால் நஷ்டப்பட்டது என் மாணவி.

பிளஸ் டூவில் அவளுக்குச் சுமாரான மதிப்பெண். நர்சிங் கிடைக்கவில்லை. "கண் டெக்னீஷியன், ஆறே மாதம், உடனடி வேலை" என்ற நோட்டீஸைக் கொண்டுவந்து, "சேரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். கண் சம்பந்தப்பட்ட படிப்புதானே என்று தலையாட்டிவிட்டேன். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். படித்து முடித்து மருத்துவமனைக்குப் போனபோது, அந்தச் சான்றிதழ் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் நான் விசாரித்தேன்.

துணை மருத்துவப் பணிகளுக்காக 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர், பார்வைத் தொழில்நுட்பர் மூவரும் அதன் பட்டியலில் வருகிறார்கள். அச்சட்டப்படி டிப்ளமோ நிலைப் படிப்பே குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆறு மாதம் எந்தக் கணக்கிலும் சேராது. ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு என்றால் அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு.

கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறது. பார்வை அளப்பது, கண்ணாடிக்கான அளவு பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது என்று அவரவருக்கு ஏற்ற பிரிவில் தேர்ச்சி பெறுகிறார்கள். இவ்வேலைகளை இவர்கள் பார்த்துக்கொள்வதால்தான் அங்கே டாக்டருக்கு அறுவை சிகிச்சைக்கு நேரம் கிடைக்கிறது.

'டெக்னீஷியன்தானே' என்று நாம் இளக்காரமாக நினைக்கக் கூடாது. கண்புரை அறுவைக்கு முன் கண்ணின் முன்பின் நீளத்தை அளப்பது பெரும்பாலும் இவர்கள்தான். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால், உள்ளே வைக்கும் லென்ஸின் திறன் சுமார் இரண்டரை டையாப்டர் மாறிவிடும். அறுவை நன்றாக நடந்தும் பாட்டிக்குப் பார்வை மங்கலாகவே இருக்கும். நம் வகுப்பில் மைனஸ் குறி விட்டுப்போனால் அரை மதிப்பெண்தான் போகும்.

இப்போது ஒளியியலோடு கண் பரிசோதனை அட்டையையும் சேர்த்து நடத்துகிறேன். 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள். 6/6 வரிசை எழுத்து, 6 மீட்டர் தூரத்தில் நம் கண்ணில் 5 நிமிடக் கோணத்தை ஏற்படுத்த வேண்டும். ஒரு நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கணித ஆசிரியரின் உதவியோடு பிள்ளைகளே முக்கோணவியல் போட்டு எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர் என்று கண்டுபிடித்தார்கள். 6/60 எழுத்துக்கு அதைப்போலப் பத்து மடங்கு. சார்ட் தாளில் வரைந்து சுவரில் ஒட்டி, 6 மீட்டரை டேப்பால் அளந்து கோடு போட்டோம். ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் கில்லாடிகள் உண்டு; அதற்கும் அட்டை வெட்டினோம்.

சோதித்ததில் மூன்று பேரால் பாதி வரிசைகளைக்கூடப் படிக்க முடியவில்லை. அதில் ஒருவனைக் கவனமில்லாதவன் என்று நானே பலமுறை கடிந்திருக்கிறேன். மூவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கண் மருத்துவ உதவியாளர் சட்டத்தில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எதிர்ச் சுவரைப் படித்து முடித்துவிட்டு, "சார், இதுக்கு என்ன படிக்கணும்?" என்று அவரிடமே கேட்டான்.