முதியோர் இல்லத்தில் வாழும் பெற்றோருக்குத் தனிப் பராமரிப்பு: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணியாற்றுகின்றனர். ஊரில் தங்கிவிட்ட பெற்றோருள் சிலர் முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற்று அவர்கள் இல்லத்துக்குத் திரும்பும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. ‘இல்லத்தார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று குடும்பம் நம்புகிறது; ‘குடும்பத்தார் ஆள் வைத்துக்கொள்வார்கள்’ என்று இல்லம் எண்ணுகிறது. இவ்விரு எண்ணங்களுக்கும் நடுவே கவனிப்பாரின்றிக் கிடப்பவர் நோயாளி. அந்நிலையைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவையை அளந்தறிதல்

குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களைக் கொண்டு முதியவரின் தேவையை மருத்துவர்கள் மதிப்பிடுவர். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு செயலையும் முதியவர் தாமே செய்கிறாரா, பிறர் துணையோடு செய்கிறாரா என்று எழுதிப் பாருங்கள். குளிக்க மட்டும் துணை வேண்டுமெனில் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் உதவியாளர் வந்து செல்வதே போதுமானதாக இருக்கலாம். எழுந்து மாறவும் கழிப்பறை செல்லவும் துணை வேண்டுமெனில் இரவிலும் ஆள் தேவை. முதியோர் விழுவது பெரும்பாலும் இத்தகைய வேளைகளில்தான்.

இல்லத்தின் பொறுப்பு எதுவரை?

அறை, உணவு, துப்புரவு ஆகியவற்றோடு பல இல்லங்களின் கடமை முடிந்துவிடும். ஆகவே மாதக் கட்டணத்தில் அடங்குபவை எவை, அடங்காதவை எவை என்பதை எழுத்தில் பெறுங்கள். வெளியிலிருந்து ஆள் அமர்த்த இல்லம் இசைகிறதா, அவர் இரவில் தங்க இடமுண்டா, அவருடைய உணவுக்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஐயமற முடிவு செய்ய வேண்டும். இருவர் கையிலும் அப்பொறுப்பு இருந்தால் இன்சுலின் இருமுறை போடப்படலாம்; ஒருவர் கையிலும் இல்லையெனில் போடப்படாமலே போகலாம். இரண்டும் உயிருக்கு ஆபத்து.

யாரை அமர்த்துவது?

‘ஹோம் நர்ஸ்’ என்று பொதுவாக அழைக்கப்படுவோர் அனைவரும் செவிலியர் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியர், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருப்பார்; அப்பதிவைக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை. ஊசி போடுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய் ஆகியவற்றைக் கவனித்தல் செவிலியர் பணி. குளிப்பாட்டுதல், ஊட்டுதல், நடக்கத் துணை நிற்றல் உதவியாளர் பணி. உதவியாளரிடம் செவிலியர் பணியை ஒப்படைப்பது அவருக்கும் நோயாளிக்கும் தீங்கு.

சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, விடுப்பில் மாற்றாள் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஆளின் அடையாளச் சான்றை இல்ல அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள். நகை, வங்கி அட்டை, அதன் இரகசிய எண் ஆகியவை பராமரிப்பாளர் பொறுப்பில் இருக்கலாகாது. நல்ல மனிதரையும் வீண் பழியிலிருந்து காக்கும் ஏற்பாடு இது.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி. மாநிற, கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. நிறம் கறுத்திருத்தல், சூடு, தடிப்பு ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து அறிய வேண்டும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, உண்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாதிருந்தால் உணவு நுரையீரலுக்குள் புகும் ஆபத்து குறையும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, சர்க்கரை குறைதல் போன்ற காரணங்கள் பின்னே இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் குறிக்க அறையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். உணவு, மாத்திரை, மலசலம், புரட்டிய நேரம் ஆகியவை அதில் பதிவாக வேண்டும். தொலைவில் வாழும் பிள்ளைகள் அப்பக்கத்தை நாள்தோறும் கைப்பேசியில் படமாகப் பெறலாம்.

அவசர நேரம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவிலுக்குச் செல்வோர் ஒன்றை அறிவர்: மலையில் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் பெருகினால், உடல் வலுவுள்ளவர்களுக்கும் அவ்வழி தடைப்படும். அமைதியும் நல்ல காற்றும் வேண்டி ஊருக்கு ஒதுங்கிய இடத்தில் இல்லத்தைத் தேர்ந்தவர்கள், மழைக்காலத்து நள்ளிரவில் 108 ஊர்தி அங்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதையும் கேட்டறிய வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டவுடன் யாரையும் கேட்டுக் காத்திராமல் 108ஐ அழைக்கும் உரிமையைப் பராமரிப்பாளருக்கு முன்னரே அளித்துவிடுங்கள்.

சட்டமும் அரசு உதவிகளும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவக் கவனிப்பையும் சிகிச்சையையும் சேர்த்தே கூறுகிறது. இல்லத்தில் சேர்த்துவிட்டதனால் பிள்ளைகளின் கடமை நீங்கிவிடுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளும், வலி தணிப்புச் சிகிச்சையும், இயன்முறைச் சிகிச்சையும் இருப்பிடத்திலேயே அளிக்கப்படுகின்றன. இல்லம் அமைந்த பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான மத்திய அரசின் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. அது மருத்துவமனையில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சைக்கே உரியது. பராமரிப்பாளர் சம்பளத்துக்கு உதவாது. அச்செலவைக் குடும்பமே திட்டமிட வேண்டும். புறக்கணிப்போ கொடுமையோ நேர்ந்தால் முதியோர் உதவி எண் 14567.

முதியவரின் விருப்பம்

இவை அனைத்தையும் முடிவு செய்யும் பேச்சில் முதியவரும் அமர்ந்திருக்க வேண்டும். தம்மைக் குளிப்பாட்டுபவர் ஆணா பெண்ணா, கதவு மூடியிருக்க வேண்டுமா, காலைக் காபி எத்தனை மணிக்கு என்பவை அவர் தீர்மானிக்க வேண்டியவை. தாமே செய்யக்கூடியதை அவர் மெதுவாகச் செய்தாலும் செய்யவிட வேண்டும். எல்லாவற்றையும் பிறர் செய்துவிட்டால் எஞ்சிய வலிமையும் குன்றும். பராமரிப்பாளர் இல்லாத வேளையில் அவரோடு தனியே பேசுங்கள். அச்சமோ, காரணம் தெரியாத காயமோ, திடீர் மௌனமோ கண்டால் காரணத்தை ஆராயுங்கள்.

குடும்பத்தார் கூடிப் பேச வேண்டிய வினாக்கள்

1. ஆறு செயல்களுள் எவற்றுக்குத் துணை தேவை? பகலிலா, இரவிலுமா?
2. மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் பொறுப்பாளர் யார்?
3. பராமரிப்பாளர் வராத நாளில் யார் வருவார்?
4. நள்ளிரவில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது?
5. இவ்வேற்பாட்டை அம்மாவோ அப்பாவோ ஏற்றுக்கொண்டார்களா?

மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும் நாளுக்கு முன்பே இவற்றுக்கான விடைகளை எழுதி எடுத்து வாருங்கள். மருத்துவரும் செவிலியரும் அவற்றை உங்களோடு அமர்ந்து சரிபார்க்க, அதுவே தக்க தருணம்.