நீதியும் நகையும்

உலகில் வாழும் உயிர்களுள், தனக்குத்தானே சட்டம் வகுத்துக்கொண்டு அதன்கீழ் அடங்கி வாழ முற்பட்டது மக்களினம் ஒன்றே. தன் பேதைமையைத் தானே எண்ணிப் பார்த்து நகைக்க வல்லதும் அவ்வினமே. சட்டம் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பது; நகை முகத்தை மலர்விப்பது. மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இவை ஒன்றற்கொன்று பகையெனத் தோன்றும். ஆயினும், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மனிதன் குறையுடையவன் என்பதே அவ்வேர். குறையே இல்லாத மக்கள் வாழும் நாடொன்று இருக்குமாயின், அங்குச் சட்டத்திற்கு வேலையும் இல்லை. நகைக்கு இடமும் இல்லை.

நகையின் இயல்பைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்தனர். தொல்காப்பியர், மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். இளமை, எள்ளல், மடன், பேதைமை ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன் என்றும் வகுத்துரைத்தார். செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், பிறரோடு கலந்து நகைத்து மகிழ அறியாதார்க்கு இப்பேருலகம் பகலிலும் இருண்டு கிடக்கும் என்னும் கருத்தைப் ‘பண்புடைமை’ என்னும் அதிகாரத்தில் அமைத்தார். நகை வெறும் பொழுதுபோக்கு அன்று. மக்கட்பண்பின் ஒரு கூறு என்பது அவர்தம் கொள்கை.

நீதியையும் நகையையும் தம் வாழ்விலே ஒருங்கே போற்றிய தமிழறிஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளங்கினார். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டில் தோன்றிய அவர், நீதிமன்றத்தில் சிறு பணியில் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, பின்னர் முன்சீப் என்னும் நீதித் தலைவர் பதவியை எய்தினார். தரங்கம்பாடி, சீகாழி, இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரம் ஆகிய ஊர்களில் அவர் நீதி வழங்கினார். 1859ஆம் ஆண்டில் ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை இயற்றினார். 1879ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழில் தோன்றிய முதல் நாவல் எனப் போற்றப்படுகின்றது.

நீதிமன்றம் மக்கள் மனத்தை உள்ளவாறு காட்டும் கண்ணாடியாகும். ஒரு சாண் வரப்பிற்காக உடன்பிறந்தார் இருவர் பகைத்து நிற்பர். வாங்கிய கடனை இல்லை என்பார் ஒருவர். கொடாத கடனைக் கொடுத்தேன் என்பார் மற்றொருவர். இவற்றை நாள்தோறும் காண்பவர் உள்ளம் நாளடைவில் இரண்டில் ஒன்றாக மாறுதல் கூடும். மக்கள் எல்லாரும் பொய்யர் என வெறுத்துக் கல்லாகிவிடலாம். அன்றி, மனிதனின் பேதைமையைக் கண்டு இரங்கி, அவ்விரக்கத்தோடு நகைக்கவும் கற்கலாம். வேதநாயகர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். மன்றத்தில் மாந்தர் இயல்பை அறிந்த அறிவு, அவர்தம் கதையில் நகைச்சுவையாக மலர்ந்தது.

அக்கதையின் தலைவனாகிய பிரதாபன் செல்வக் குடியில் பிறந்தவன். அவனை அடித்துத் திருத்த வீட்டார் இசையார். ஆகவே, அவன் செய்யும் பிழைகளுக்காக, உடன் பயிலும் கனகசபை என்னும் சிறுவன் அடிபடுகின்றான். இதனைப் படிப்போர் முதலில் நகைப்பர். அடுத்த கணமே அந்நகை அடங்கும். குற்றம் ஒருவனுடையது, தண்டனை மற்றொருவனுக்கு! செல்வர் பிழைக்கு எளியார் துன்புறும் அநீதி இவ்வுலகில் வேறு எங்கும் இல்லையோ என்னும் வினா உள்ளத்தில் எழும். பத்துச் சொற்பொழிவுகள் ஊட்ட வேண்டிய உண்மையை ஒரு நகை எளிதில் ஊட்டிவிடுகின்றது.

சட்டத்தின் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை விளக்கும் பகுதியொன்றும் அக்கதையில் உண்டு. பிரதாபன் தன் மனைவி ஞானாம்பாளைப் பிரிந்து, விக்கிரமபுரி என்னும் நகரை அடைகின்றான். அங்குச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவனிடம் தன் செருப்பைச் செப்பனிடக் கொடுக்கின்றான். கூலி இவ்வளவு என்று பேசவில்லை; வேலை முடிந்ததும் சந்தோஷப்படுத்துவதாக மட்டும் சொல்கின்றான். வேலை முடிந்தது. கொடுத்த கூலியைப் பெற்றுக்கொள்ளத் தொழிலாளி மறுக்கின்றான். ‘எனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை, சொன்ன சொல்லை நிறைவேற்றும்’ என்பது அவன் வாதம். கூட்டிக் கொடுத்தும் பயனில்லை. வழக்கு மன்றம் ஏறுகின்றது; குற்றமற்ற பிரதாபன் சிறைப்படுகின்றான்.

இதற்கிடையில், கணவனைத் தேடி ஆணுடை பூண்டு வந்த ஞானாம்பாள், அந்நாட்டு வழக்கப்படி யானையால் தேர்ந்தெடுக்கப்பட்டு, உபேந்திரன் என்னும் பெயருடன் அரசு கட்டில் ஏறுகின்றாள். வழக்கு அவள்முன் வருகின்றது. அவள் சட்ட நூலைப் புரட்டவில்லை. தொழிலாளியை நோக்கி, தான் முடிசூடியது அவனுக்குச் சந்தோஷமா, இல்லையா என்று வினவுகின்றாள். புதிய அரசன் முன்னிலையில் எவன் இல்லை என்பான்? சந்தோஷமே என்று அவன் ஒப்புகின்றான். அவ்வளவே! அவன் கேட்ட சந்தோஷம் கிடைத்துவிட்டது, வழக்கும் தீர்ந்தது.

இங்கு நகைப்பிற்கு இடமாவது அம்மனிதனின் தொழில் அன்று, அவனது பேராசையே. அப்பேராசை குடிசையிலும் உண்டு, மாளிகையிலும் உண்டு. சட்டம் சொற்களால் ஆகியது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையேயுள்ள இடுக்கில் வஞ்சம் நுழைந்து கூடு கட்டிக்கொள்ளும். முன்னைய நடுவர் சொல்லின் ஓட்டைப் பற்றிக்கொண்டு பொருளாகிய பருப்பைக் கைவிட்டார். ஞானாம்பாளோ, வஞ்சகன் எந்தச் சொல்லைக் கருவியாக எடுத்தானோ, அந்தச் சொல்லையே திருப்பி அவனை மடக்கினாள். இதற்குச் சட்ட அறிவு மட்டும் போதாது. மனிதனை அறியும் அறிவும் வேண்டும்.

ஆயினும், கதையில் வரும் அரசன் ஒரு வினாவால் தீர்க்கும் வழக்கை உண்மை மன்றத்தில் அங்ஙனம் தீர்த்தல் இயலாது. அங்குச் சான்றுகள் வேண்டும். முன்னைய தீர்ப்புகளையும் நோக்க வேண்டும். நடுவரின் கூர்மதியை மட்டும் நம்பி மக்கள் வாழ முடியாது. மதியில்லாத நடுவர் வாய்த்தால் அவர்கள் கதி என்னாகும்? ஆகலின், சட்டத்தை மக்களே அறிதல் வேண்டும். இவ்வுண்மையை வேதநாயகர் நன்கு உணர்ந்திருந்தார். அக்காலத்தில் உயர்ந்த மன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்தை இழந்தவனுக்கு, அதனை ஏன் இழந்தான் என்பதே விளங்காது. தன் வழக்கைத் தன்முன்னே பேசக் கேட்டும், ஒரு சொல்லும் அறியாமல் விழித்து நிற்பவனின் நிலை நகைப்பிற்குரியது போலத் தோன்றினும், உண்மையில் அழுகைக்குரியதேயாகும்.

அக்குறையைக் களைய, 1805 முதல் 1861 வரையுள்ள தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். தமிழர் வாழும் நாட்டில் நீதிமன்ற மொழி தமிழாதல் வேண்டும் என்பதைத் தம் கதையிலும் வற்புறுத்தினார். கதையால் நகையூட்டிய கைதான் சட்டத்தையும் தமிழாக்கித் தந்தது. இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே: எளியவன் ஏமாறாதிருத்தல் வேண்டும்.

நகைக்கும் எல்லை உண்டு. பிறர் துன்பத்தைக் கண்டு நகைப்பது நகைச்சுவை ஆகாது, அது கொடுமை. வேதநாயகர் அவ்வெல்லையை அறிந்தவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. அப்பொழுது பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அவர், பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்துத் தம் பொருளைச் செலவிட்டார். மனிதன் பேராசையைக் கண்டு நகைத்த அவர், மனிதன் பசியைக் கண்டு நகைக்கவில்லை, கண்ணீர் துடைத்தார். நகைக்க வேண்டியது எது, இரங்க வேண்டியது எது எனப் பிரித்தறிவதே அறிவுடைமை. 1889ஆம் ஆண்டில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

சட்டம் மனிதனின் கையைத் தடுக்கும். அவன் மனத்தினுள் புகுந்து திருத்துதல் அதற்கு அரிது. திருடாதே என்று அது ஆணையிடும்; திருட எண்ணுவது இழிவு என்று நாணச் செய்ய அதனால் இயலாது. நல்ல நகையோ, வாயில் காப்போன் அறியாமல் உள்ளே நுழையும் தென்றல் போன்று, நெஞ்சினுள் புகுந்து, ஒருவன் குறையை அவனுக்கே காட்டும். கனகசபை அடிபட்ட கதையைப் படித்து நகைத்த ஒரு மாணவன், தான் செய்த பிழைக்குத் தோழன் தண்டனை பெறும்பொழுது வாளா இருப்பானா? எழுந்து நின்று, ‘ஐயா, பிழை செய்தவன் நானே’ என்று உரைப்பானாயின், அவன் நகையின் பயனையும் பெற்றான். நீதியின் பயனையும் பெற்றான். பிறர் குறையைக் கண்டு நகைப்பது எளிது. தன் குறையைக் கண்டு முதலில் நகைத்து, பின் அதனைத் திருத்திக்கொள்பவனே நீதி பிறழாது வாழ வல்லவன்.