எலித் தாடையை முதன்முறை கையில் எடுப்பவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, எனாமல் சரியாக உருவாகாத எலிகளில் பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு ஏன் மாறுகிறது என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். விடை சுலபமாகக் கிடைத்துவிட்டதுபோல் தோன்றும் இடங்கள் இந்த வேலையில் நிறைய. அங்கெல்லாம் கொஞ்சம் நின்று போகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. எலி உயிரோடு இருக்கும்போதே வாயைப் பாருங்கள். நல்ல சுண்டெலியின் வெட்டுப்பல் மஞ்சளாக இருக்கும். எனாமலில் படிந்த இரும்பின் நிறம் அது. எனாமலை உருவாக்கும் புரதமான அமெலோஜெனினின் மரபணுவை நீக்கிய எலிக்கு அதே பல் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும், முனை சிதைந்திருக்கும். பார்த்ததை அன்றே நோட்டில் எழுதுங்கள்.

2. எலிக்கு 16 பற்கள்தான். அவற்றில் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளரும், கடைவாய்ப்பல் வளராது. கீழ் வெட்டுப்பல் கடைவாய்ப்பற்களின் வேருக்கு அடியில் புகுந்து தாடையின் பின்பக்கம்வரை ஓடுகிறது. ஆகவே 'பல்லைச் சுற்றிய எலும்பு' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பல், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

3. இதுதான் முக்கியம். எனாமல் கெட்டால் எலும்பு கெடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, புரதமே நேரடியாகச் செய்யும் வேலை. அமெலோஜெனின் இல்லாத எலிகளில் வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் அரிபடுவதையும், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் சமிக்ஞை கூடுவதையும் 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பன்றிக்குட்டிகளின் வளரும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் புரதங்களை மனிதர்களின் ஈறு நோய்க்குக் களிம்பாக வைப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, மெல்லும் விசை. எனாமல் மெலிந்த பல் சீக்கிரம் தேயும்; தேய்ந்ததை ஈடுகட்ட மேலெழும்பும்; எலும்பின் மேல் விழும் அழுத்தமும் மாறிப்போகும். மூன்றாவது, உடைந்த பற்களின் இடுக்கில் தீனியும் ரோமமும் சிக்கி ஈறு வீங்குவது. மூன்றின் முடிவும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய ஒரு நல்ல வழி, பல் முளைப்பதற்கு முன்பே தாடையைப் பார்ப்பது. முதல் கடைவாய்ப்பல் மூன்றாவது வாரத்தில்தான் வெளியே வருகிறது. அதற்கு முன் அந்தப் பல் எதையும் மெல்லவில்லை, அதில் எதுவும் சிக்கவுமில்லை. அப்போதே எலும்பில் வித்தியாசம் இருந்தால் முதல் வழியைப் பற்றிப் பேசலாம்.

4. பல் கெட்ட எலிக்குப் பாவம் பார்த்துக் கூழ் வைத்தால், கூடப் பிறந்த நல்ல எலிக்கும் அதே கூழை வையுங்கள். மென்மையான தீனி மட்டுமே தாடை எலும்பை மெலியச் செய்யும். தொடக்க காலத்தில் நான் ஒரு கூட்டத்துக்குக் கூழும் இன்னொன்றுக்குக் கெட்டித் தீனியும் கொடுத்து, கிடைத்த வித்தியாசத்தை மரபணுவின் கணக்கில் எழுதினேன். மாதக்கணக்கான அந்த வேலையை அப்படியே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

5. எனாமலும் சிமென்டமும் சந்திக்கும் கோட்டிலிருந்து எலும்பின் விளிம்புவரை அளப்பது வழக்கம். எனாமலே சரியில்லாத பல்லில் அந்தக் கோடு எங்கே என்று உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. தேய்ந்த பல் மேலெழும்பினாலும் இந்த இடைவெளி கூடும். எலும்பு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. ஆகவே வேர்களுக்கு நடுவே உள்ள எலும்பின் கன அளவையும் சேர்த்து எடுங்கள். அளப்பவருக்கு எது எந்த எலி என்று தெரியக் கூடாது.

6. எலியின் கடைவாய்ப்பற்கள் இயல்பாகவே மெல்லப் பின்பக்கம் நகர்கின்றன. பல்குழியின் பின்சுவரில் எலும்பு தின்னும் செல்கள் வரிசையாக இருந்தால் அது நோய் அல்ல. முன்சுவரையும் பின்சுவரையும் தனித்தனியே எண்ணுங்கள்.

7. அமெலோஜெனின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு பிரதி மட்டும் கெட்ட பெண் எலியின் பல்லில் நல்ல செல்லும் கெட்ட செல்லும் கலந்திருக்கும். ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டமாக எண்ணாதீர்கள்.

8. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைந்தால் வெட்டுப்பற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, விலங்கு மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள். அது வலியில் இருக்கும் ஓர் உயிர். தவிர, பட்டினி கிடந்த எலிக்கும் எலும்பு மெலியும்.