மலையை நம்பிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

எஸ்.பி.எம். தேர்வு முடித்த கையோடு, "பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா மேலாண்மை படிக்கலாமா?" என்று கேட்டு வரும் மலேசியக் கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகளே, தாராளமாகப் படியுங்கள். வருகிறவர்களை வரவேற்கத் தெரிவது இந்தப் படிப்பில் பாதிதான். அவர்கள் வந்துபோவதால் மலை தேய்ந்துவிடாமல் காப்பது மறுபாதி, அதுதான் கடினமானது. இரண்டையும் மனத்தில் வைத்துச் சில சொல்கிறேன்.

1. முதலில் சொந்த ஊரைப் படியுங்கள். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அவருக்கு வெகுகாலம் முன்பே செமாய் பூர்வகுடியினர் இந்தக் காட்டில் வாழ்ந்தார்கள். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. விளம்பரத் தாள்கள் பெரும்பாலும் துரைமார் பெயரோடு நின்றுவிடும். நீங்கள் அங்கே நிற்காதீர்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு (பெயர் அழைப்புக்கு) நின்றவர்களையும், கூடை சுமந்து கொழுந்து பறித்த பாட்டிமாரையும், அவர்கள் பிள்ளை வளர்த்த லயத்து வீடுகளையும் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

2. தேயிலையைத் தொழிலாகத் தெரிந்துகொள்ளுங்கள். கொழுந்து வாடுவது, உருட்டப்படுவது, காற்றுப்பட்டு நிறம் மாறுவது, உலர்வது, சலித்துத் தரம் பிரிக்கப்படுவது என ஒவ்வொரு படியையும் தொழிற்சாலையில் நின்று பாருங்கள். இன்று மலைச்சரிவில் வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று பயணிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் பாட்டன் பாட்டிக்கு நாம் கேட்கும் மரியாதைதான் அது.

3. காட்டின் தாங்குதிறனைப் படியுங்கள். பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதன் உச்சியை ஒட்டிய பாசிக்காடு பனிமூட்டத்து ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்துவைக்கிறது. தெலோம், பெர்தாம், லெமோய் ஆறுகளுக்கு இந்த மலைக்காடுகளே ஊற்று. மிதிபட்ட பாசியும் கரிமண்ணும் மீண்டு வர ஆண்டுகள் ஆகும். அங்கே பலகை நடைபாதை போட்டிருப்பது அதற்காகத்தான். ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டு, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும் துணிவு இந்தத் தொழிலுக்கு வேண்டும்.

4. மண்ணும் நீரும் படும் பாட்டை மறைக்காதீர்கள். சரிவுகளைச் செதுக்கிக் காய்கறித் தோட்டமும் கட்டடமும் போட்டதில் கரைந்த மண், ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேறாகப் படிந்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அந்த நீர்த்தேக்கத்தின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர், பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. எந்தச் சுற்றுலாத் திட்டம் தீட்டினாலும், மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்பதை முதலில் கேளுங்கள்.

5. படிப்பைத் தேர்ந்தெடுங்கள். புத்ரா பல்கலைக்கழகத்தில் பூங்கா, பொழுதுபோக்கு அறிவியலை வனவியலோடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள். சபா பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பூங்காவும் பொழுதுபோக்கும் பாடம். நிர்வாகப் பக்கம் விருப்பமுள்ளவர்களுக்கு உத்தாரா பல்கலைக்கழகத்தில் சுற்றுலா மேலாண்மை உண்டு. காட்டில் நிற்க ஆசையா, அலுவலகத்தில் திட்டமிட ஆசையா என்று பார்த்து விண்ணப்பியுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் செல்ல மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும். அந்தப் பாடத்தில் அலட்சியம் வேண்டாம்.

6. உரிமம் இல்லாமல் வழிகாட்டாதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, வழிகாட்டியாக வேலை செய்ய உரிமம் கட்டாயம். முறையான பயிற்சி பெற்றவருக்கு முதலுதவி தெரியும், பாதை தெரியும், பொறுப்பும் இருக்கும். காட்டுப் பாதையில் ஒருவர் வழி தவறினால் தேடி அலைவது ஊரே அல்லவா!

7. மொழிகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். மலாய், ஆங்கிலம், முடிந்தால் மாண்டரின். தமிழை விடாதீர்கள். தமிழகத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் குடும்பங்களுக்குத் தோட்டத்துக் கதையை அவர்கள் மொழியிலேயே சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

8. கூட்டத்தைக் கண்டு மயங்காதீர்கள். பள்ளி விடுமுறையில் தானா ராத்தாவிலிருந்து கீ பார்ம் வரை வண்டிகள் ஊர்ந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அதை வெற்றி என்று எண்ணவேண்டாம். வார நாள்களில் வரச் சொல்வது, ஓரிரவு கூடுதலாகத் தங்கவைப்பது, செலவழிக்கும் பணம் உள்ளூர்க் கடைக்கும் பூர்வகுடி கிராமத்துக்கும் போய்ச் சேரச் செய்வது, இவையே நல்ல மேலாண்மை.

நம் முன்னோர் இந்த மலையில் கூலிக்கு உழைத்தார்கள். மலையைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. அந்த இடத்தில் உட்காரும் தகுதியை இந்தப் படிப்பு உங்களுக்குத் தரும். தயங்காமல் விண்ணப்பியுங்கள். படித்து முடித்ததும் மலைக்குத் திரும்பி வாருங்கள்.