பெயரின்றி வாழ்ந்த பெருமீன்

கயல், கெண்டை, சேல் எனத் தமிழிலக்கியம் மீன்களை இனம் பிரித்துப் பெயர் சுட்டி அறிந்துள்ளது. பெயரிடுதல் என்பது ஒன்றனைப் பிறவற்றினின்றும் வேறுபடுத்தி உணர்தலேயாகும். அவ்வாறு உணரப்படாமையால் அழிவின் விளிம்பை எய்திய காவிரி மீன் ஒன்றனைப் பற்றி ஈண்டுக் காண்போம். திமில் மகசீர் எனப்படும் இது, கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்த நன்னீர் மீனாகும். காவிரியும் அதன் துணையாறுகளுமே இதன் தாயகம்.

முதலில் இதன் தோற்றத்தை நோக்குவோம். தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் இடையே காளையின் திமில்போல் முதுகு உயர்ந்திருக்கும். பெரிய செதில்கள் பொன்னிறம் காட்டும்; துடுப்புகள் செம்மஞ்சள் நிறத்தன. தடித்த உதடுகளை ஒட்டி இரண்டு இணை மீசையிழைகள் உள்ளன. ஏனைய கெண்டைகளைப் போலவே இதற்கும் தாடையில் பற்கள் இல்லை. தொண்டையில் அமைந்த பற்களே இரையை நொறுக்குகின்றன. 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் பிடிபட்ட மகசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை கொண்டிருந்தது.

இத்துணைப் பெரிய மீனை 1873ஆம் ஆண்டிலேயே ஹென்றி சலிவன் தாமஸ் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் குறித்துள்ளார். ஆயினும் அறிவியல் உலகம் இதனைத் தனியினமாகக் கொள்ளவில்லை. 2007ஆம் ஆண்டு, அமராவதியின் வழியே காவிரியைச் சேரும் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு, ரெமாதேவி என்னும் மீனியல் அறிஞரைச் சிறப்பிக்கும் வகையில் ‘டோர் ரெமாதேவியை’ எனப் பெயரிட்டனர். திமில் மகசீரும் அவ்வினமே என்பது உடலமைப்பு, மரபணு ஆய்வுகளால் 2018ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அவ்வாண்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகக் கடுமையான அழிவு இடருக்கு உள்ளானதாக அறிவித்தது.

இத்தாமதத்தால் நேர்ந்த இழப்பு யாது? கிருஷ்ணை ஆற்றுப் படுகைக்குரிய நீலத்துடுப்பு மகசீரைப் பொரிப்பகங்களில் வளர்த்துக் காவிரியிலும் விட்டனர். நோக்கம் நல்லதே. தூண்டிலில் சிக்கும் மகசீர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. பாதுகாப்பு வென்றதாகவே தோன்றியது. ஆனால் பெருகியது வந்த மீன். குறைந்தது சொந்த மீன். இரண்டும் ‘மகசீர்’ என்னும் ஒரே பெயரால் வழங்கியமையால் இவ்வுண்மை நெடுநாள் மறைந்திருந்தது. அணைகளும் மணற்கொள்ளையும் வெடிவைத்து மீன்பிடித்தலும் இத்துன்பத்தை மிகுவித்தன.

எண்ணிக்கை ஒன்றே வளத்தின் அளவுகோலாகாது. எது பெருகுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். எந்த ஆற்றில் எந்த மீன் பிறந்ததோ அதனை அங்கேயே வாழவிடுவதே உண்மையான பாதுகாப்பாகும். இன்று இம்மீனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அப்பெயர் ஏட்டில் மட்டும் எஞ்சாதவாறு காத்தல் நம் அனைவரின் கடனாகும்.