விழிக்க மறுத்த கணிப்பொறி

"மாமாவோட கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குதுப்பா. கடைக்காரர் பழைய சாமான்காரனுக்குப் போடுங்கம்மான்னு சொல்லிட்டாரு" என்று பாலகாட்டிலிருந்து அத்தை தொலைபேசினார். ஆடி மாதம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து ரயிலேறினேன்.

மாமா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். 2001-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் ஒரு பென்டியம் 4 வாங்கி, தம் சுரங்க வாழ்க்கையைத் தமிழில் தட்டச்சு செய்துவந்தார். இப்போது மாமா இல்லை. வேறு பிரதியும் இல்லை. இதைப் படிக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு பெட்டி மூலையில் இருக்கும் என்பதால், நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது! ஆனால் அத்தை வீட்டு ஸ்பைக் பஸ்டரில் ஒரு துளை தளர்ந்திருந்தது. வேறு துளையில் செருகியதும் மின்விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

விசிறியே சுழலாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியைச் சந்தேகிக்கலாம். அதைக் கழற்றி வேறொன்று மாட்டிப் பாருங்கள். திறக்க மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்று படம் வராவிட்டால், பெரும்பாலும் எங்கோ தொடர்பு சரியில்லை என்று பொருள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் நைசான புழுதி. தங்கம் பிரித்தபின் கொட்டிய கோடிக்கணக்கான டன் கழிவு மண், ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகளாக நிற்கிறது. ஆடிக் காற்றில் அது வீடு புகுவது தங்கவயல்காரர்களுக்குத் தெரியும்; சோற்றுப் பானையை மூடி வைப்பார்கள், கணிப்பொறியை யார் மூடுவார்கள்? மூக்கில் துணி கட்டிக்கொண்டு மெல்லிய தூரிகையால் துடைத்தேன். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும்.

உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ராம் அட்டைகள் இரண்டையும் கழற்றினேன். அவற்றின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒன்றை மட்டும் மாட்டினேன். ஒற்றை 'பீப்' ஒலி கேட்டது. திரையில் எழுத்து! அந்தப் பற்களில் உண்மையிலேயே தங்க முலாம் உண்டு என்று சொன்னதும், "எங்கத் தங்கம்தானோ என்னவோ" என்றார் அத்தை.

அடுத்த தடை: தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டி, எப் 1 அழுத்தச் சொல்லி நின்றது. மதர்போர்டில் நாணயம் போலிருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றித் தேதியைத் திருத்தியதும் விண்டோஸ் எக்ஸ்பி வந்துவிட்டது.

அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கசிவதுண்டு. அப்படியிருந்தால் போர்டைத் தேற்ற மெனக்கெட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. இணைப்பான் வழியாக வேறு கணிப்பொறியில் படிக்கலாம். 'டக் டக்' என்று டிஸ்க் சத்தமிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் ஓட்டினால் உள்ளதும் போகும்.

பெட்டி உயிர்பெற்றதும் விளையாடிப் பார்க்காமல் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்தேன். ஆனால் என் மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் குப்பை! மாமா பயன்படுத்தியது யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு 'டாம்', 'டாப்' குறிமுறைகளை அறிவித்தும், ஆளுக்கொரு எழுத்துரு புழங்கிய காலம் அது. கோப்பை மட்டும் எடுத்துவந்து பெட்டியை எறிந்திருந்தால், எழுத்துருவும் கூடவே போயிருக்கும். விண்டோஸில் 'பான்ட்ஸ்' என்ற கோப்புறையிலிருந்து அதையும் நகலெடுத்து மடிக்கணினியில் நிறுவினேன். தமிழ் வந்தது. பிறகு எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிக்கொண்டேன்.

மொத்தம் 61 பக்கம். கடைசிப் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. "பெரிய எழுத்தா அச்சடிச்சுக் கொடுப்பா, கண்ணு தெரியல" என்றார் அத்தை.