வழிமறிக்கப்பட்ட தூது

மதுரையைச் சூழ்ந்த சமவெளி வைகை நீராலும் பெரியாற்று நீராலும் விளைவது. நடவு முடிந்து வயலில் நீர் தேங்கி நிற்கும் நாள்களில் அங்கே கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் பெருகும். கொக்கு, பன்றி முதலியவற்றின் குருதியிலிருந்து இவை ஒரு வைரசைப் பெற்று மனிதருக்குள் செலுத்துவதுண்டு. அதனால் வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். நம் நாட்டில் இந்நோய் 1955ஆம் ஆண்டில் வேலூர்ப் பகுதியில் முதன்முதல் அறியப்பட்டது. இது பெரும்பாலும் சிறுவரையே பற்றும். பிழைத்தவருள்ளும் பலர் கைகால் முடங்கியோ அறிவு குன்றியோ வாழ நேர்கிறது. கொசுக்களால் பரவும் நோய்களை ஆராய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980களில் மதுரையில் ஒரு நடுவத்தை நிறுவியது.

எனினும், இவ்வைரசு புகுந்தோரில் ஏறத்தாழ 250 பேருள் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஏனையோரைக் காப்பனவற்றுள் முதன்மையானது இன்டர்பெரான் என்னும் புரதம். 1957ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர்.

இதன் செயலை நம் ஊர் வழக்கால் விளக்கலாம். கண்மாய்க் கரை உடையும் நிலை வந்தால் காவற்காரன் பறையறைவான். ஒலி கேட்ட அடுத்த ஊரில், வாயிற்காவலன் ஓர் ஓலையைத் தூதன் கையிற் கொடுத்து அம்பலகாரரிடம் ஓட்டுவான். அவர் ஆணையிட, ஊரார் மண்வெட்டியோடு திரள்வர். வைரசு புகுந்த உயிரணு எழுப்பும் பறையொலியே இன்டர்பெரான். அண்டை உயிரணுவின் வாயிற்காவலர் ஜாக் 1, டைக் 2 என்பவை. தூதர் ஸ்டாட் 1, ஸ்டாட் 2 என்பவை. அம்பலகாரர் இருக்கை உயிரணுவின் உட்கரு. தூது உட்கருவை அடைந்ததும், வைரசைச் சிதைப்பனவும் அதன் பெருக்கத்தைத் தடுப்பனவுமாகிய நூற்றுக்கணக்கான புரதங்கள் ஆக்கப்படுகின்றன.

வைரசின் சூழ்ச்சியோ வியக்கத்தக்கது. பறையை அடக்கவும் அது முயலும். ஆனால் தூதனை மடக்குவதில்தான் அதன் திறம் முழுவதும் விளங்குகிறது. மூளைக்காய்ச்சல் வைரசிடம் என்.எஸ். 5 என்றொரு புரதம் உண்டு. தன் மரபுப் பொருளைப் படியெடுப்பதே அதன் முதற்பணி. அதுவே டைக் 2 செயற்படாதவாறும் தடுக்கிறது. ஓலை பெறாத தூதன் வாயிலிலேயே நின்றுவிடுகிறான். இவ்வைரசுக்கு உறவினதாகிய டெங்கு வைரசு இன்னும் கொடியது. அதன் என்.எஸ். 5, ஸ்டாட் 2ஐப் பற்றிக்கொண்டு, தேய்ந்த புரதங்களை அழிக்க உயிரணு தானே வைத்திருக்கும் பொறியில் தள்ளிவிடுகிறது. நம் வீட்டுக் குப்பைக் குழியிலேயே நம் தூதன் புதைக்கப்படுகிறான் என்க!

இச்சூழ்ச்சி எலியிடம் பலிப்பதில்லை. எலியின் ஸ்டாட் 2 சற்றே வேறுபட்டதாதலின், டெங்குவின் பிடிக்கு அகப்படாது தப்புகிறது. எலி டெங்குவுக்கு எளிதில் ஆட்படாமைக்கு இஃது ஒரு காரணம். ஆகவே ஆய்வாளர் பெரும்பாலும் இன்டர்பெரான் வழி நீக்கப்பட்ட எலிகளையே டெங்கு ஆராய்ச்சிக்குக் கொள்கின்றனர்.

மனிதருக்கு அத்தகைய இயற்கைப் பேறு இல்லை. மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. 2006 முதல் நம் நாட்டில் இந்நோய் மிகுந்த மாவட்டங்களில் வலிமை குன்றிய வைரசைக் கொண்ட ஊசி குழந்தைகளுக்கு இடப்பட்டு வருகிறது. அதனால் முன்னரே உருவாகும் எதிர்ப்பொருள்கள் குருதியில் காத்திருந்து, வைரசு உயிரணுவினுள் நுழையுமுன் அதனைப் பற்றிக்கொள்கின்றன. அந்நிலையில் தூது செல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.